பின்னால் போகும் ஆமை

தஞ்சாவூரில் அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் சொல்லித்தராத மாடியே கிடையாது. கீழே ஜவுளிக்கடை என்றால் மேலே ஒரு கம்ப்யூட்டர் சென்டர். கீழே மருந்துக்கடை என்றால் மேலே இரண்டு. நான் படித்தது ஒரு மிட்டாய்க்கடைக்கு மேலே. ஆறு மாத டிப்ளமோ முழுவதையும் நெய் வாசனையில் முடித்தேன். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் தேதி குழம்பிவிடும், திருத்துவதற்கு ஆள் வேண்டும் என்று அமெரிக்கா கூவிக் கூவி அழைத்துக்கொண்டிருந்தது. என்னோடு படித்தவர்களில், பரீட்சையில் என்னைப் பார்த்து எழுதியவன்கூடப் போய்விட்டான். ரயிலடிக்குப் போய் மாலை போட்டு வழியனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. கல்யாணமாகாத பெண்ணைக் கடல் தாண்டி அனுப்புவதா என்று அப்பா என் அமெரிக்காவை ஒரே வரியில் முடித்துவைத்தார்.

"கல்யாணம் ஆகுற வரைக்கும் பக்கத்துல எங்கயாவது போய்ட்டு வரட்டும்" என்பது தீர்ப்பு. பக்கத்தில் என்றால் பூதலூரில் ரயில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, அதற்குப் பிறகும் கொஞ்சம் நடக்கவேண்டிய ஒரு ஊர். அங்கே கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடம். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கானது. அம்மா கல்யாணத் தரகரிடம், "பொண்ணு கம்ப்யூட்டர் டீச்சர்" என்பாள். எந்தப் பள்ளிக்கூடம் என்று அவர் கேட்டால், "கான்வெண்ட்" என்பாள். அதற்குமேல் கேட்டால் காபி கொண்டுவர உள்ளே போய்விடுவாள்.

அப்படிப்பட்ட பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். பக்கத்து ஊர் மிராசுதார் வீட்டுப் பிள்ளை கலிஃபோர்னியாவில் இருந்தார். அவருடைய ஆபீசில் கழித்துப் போட்ட நான்கு கம்ப்யூட்டர்களைக் கப்பலேற்றி அனுப்பினார். கூடவே ஒரு நிபந்தனையும் கப்பலேறி வந்தது. பிள்ளைகள் அதில் விளையாடக்கூடாது, படம் பார்க்கக்கூடாது, ப்ரோக்ராம் எழுதவேண்டும். அங்கே யாரோ அப்படிச் செய்கிறார்களாம், பத்திரிகையில் வந்ததாம். தன் வேட்டியைத் தானே கட்டத் தெரியாதவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். அவர்களை எல்லாம் விட்டுவிட்டு எங்கள் பிள்ளைகள்தான் ப்ரோக்ராம் எழுதவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

திறப்பு விழாவுக்குப் பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். நான்கு கம்ப்யூட்டருக்கும் குறைவில்லாமல் அருள் கிடைக்கட்டும் என்று தாராளமாகவே தெளித்தார். மிராசுதார் தம் பங்குக்குச் சந்தனக் கிண்ணத்தோடு வந்து, ஒவ்வொரு மானிட்டரின் நெற்றியிலும் பொட்டு வைத்து, கீபோர்டுகளையும் விடாமல் பூசினார். யூ.பி.எஸ் பெட்டிக்கு அடியில் யாரோ வைத்த எலுமிச்சம்பழத்தை மறுநாள் நான்தான் எடுத்தேன். நான்காவது கம்ப்யூட்டர் அன்றைக்குப் படுத்ததுதான், பிறகு எழுந்திருக்கவே இல்லை. தீர்த்தத்தில் போனதா, சந்தனத்தில் போனதா என்று கண்டுபிடிக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. இரண்டு தரப்புக்கும் மனஸ்தாபம் வராதபடி "வோல்டேஜ் கோளாறு" என்று எழுதி அமெரிக்காவுக்கு அனுப்பினோம்.

மிச்சமிருந்த மூன்றும் குடியிருந்த அறைக்குள் செருப்போடு நுழையக்கூடாது என்று ஒரு சட்டம். தூசி ஆகாதாம். எங்கள் பிள்ளைகளில் பலர், எந்தச் செருப்பு எந்தக் காலுக்கு என்று பார்த்து வாரை மாட்டிக்கொள்ள ஒரு வருஷம் பயிற்சி எடுத்தவர்கள். அந்தச் சாமர்த்தியத்தை நாங்கள் வாசலிலேயே கழற்றி வைக்கச் சொன்னோம். நாற்பது நிமிஷ வகுப்பு முடிந்து, திரும்ப மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் அடுத்த வகுப்பும் முடிந்துவிடும். கம்ப்யூட்டர் அறையில் மூன்று மின்விசிறிகள். பிள்ளைகள் மற்ற நேரமெல்லாம் உட்கார்ந்திருந்த கூடத்தில் ஒன்றே ஒன்று.

வேலையில் சேர்ந்த அன்றைக்கே தலைமையாசிரியை சிஸ்டர் என்னை உட்காரவைத்து எச்சரித்தார். "மிஸ், இவங்ககிட்ட ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான் சொல்லணும். பாதி சொல்லி விட்டீங்கன்னா நின்னுடுவாங்க. தப்பா சொன்னா தப்பாவே செய்வாங்க. கோவப்பட்டு ஒண்ணும் ஆகாது." மிட்டாய்க்கடை மாடியில் கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு இதையேதான் சொல்லித்தந்தார்கள். என்ன, அங்கே இதற்குப் பெயர் அறிவு.

நான் சொல்லிக்கொடுத்தது ஆமை ப்ரோக்ராம். திரையின் நடுவில் ஒரு ஆமை இருக்கும். முன்னே போ என்றால் கோடு இழுத்துக்கொண்டு முன்னே போகும். பின்னே போ என்றால் முகத்தைத் திருப்பாமல் அப்படியே பின்வாங்கும். அப்போதும் கோடு விழும். திரும்பு என்றால் திரும்பும். நான்கு தடவை போய் நான்கு தடவை திரும்பினால் சதுரம். ஆங்கிலம் வேண்டாம் என்று கீபோர்டில் நான்கு கட்டைகளுக்கு மட்டும் அம்புக்குறி ஒட்டினேன். அழுத்த அழுத்தக் கட்டளைகள் திரையின் ஓரத்தில் வரிசையாக நிற்கும். பச்சைப் பொட்டு ஒட்டிய கட்டையைத் தட்டினால் ஆமை அத்தனையையும் ஒழுங்காகச் செய்துகாட்டும். அவ்வளவுதான் ப்ரோக்ராம். இதைத்தான் என்னோடு படித்தவர்கள் கோட்டு போட்டுக்கொண்டு செய்தார்கள்.

முதலில் தரையில் பழக்கினேன். ஒரு பிள்ளை ஆமை, இன்னொரு பிள்ளை உத்தரவு போடும். "வலது பக்கம் திரும்பு" என்றால் யாரும் அசையவில்லை. "சோத்துக் கைப் பக்கம் திரும்பு" என்றதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். திரைக்கு வந்த பிறகு ஒருத்தி, "ஆமைக்குச் சோத்துக் கை எது மிஸ்?" என்று கேட்டாள். டிப்ளமோவில் அந்தப் பாடம் இல்லை.

வகுப்பில் ஏழு பேர். ஏழாவதாகச் சேர்ந்தவள் ஒரு பத்து வயதுப் பெண். அவளுக்குத் தெரிந்த வார்த்தைகள் எத்தனையோ, வெளியே விடுவது பத்துக்குள்தான். அவளுடைய அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். சாயங்காலம் மகளை அழைத்துப்போக வந்தபோது ஒரு நாள் என்னை வாசலில் நிறுத்தினாள்.

"எம் பொண்ணு கம்ப்யூட்டர் படிக்குதுன்னு சொன்னேன் டீச்சரம்மா. நடவு வயல்ல ஒருத்தியும் நம்பல. நீங்க ஒரு நாளைக்கு வந்து சொல்லுங்க."

"வர்றேங்க" என்றேன். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் சொன்ன வார்த்தை, ரயிலிலேயே மறந்துவிட்டது.

அந்தப் பெண் எல்லாருக்கும் முன்னால் கம்ப்யூட்டர் அறைக்கு வந்துவிடுவாள். தன் செருப்பைக் கழற்றிய பிறகு, வரிசையாக மற்றவர்கள் கழற்றிப் போடுவதையெல்லாம் ஜோடி சேர்த்து அடுக்குவாள். உள்ளே வந்து திரையில் ஒரு உள்ளங்கையை வைத்து எடுப்பாள். பிறகு உட்கார்ந்து, பின்னே போ என்ற கட்டையை அழுத்துவாள்.

அதுதான் பிரச்சினை. எப்போது பார்த்தாலும் பின்னே. பின்னே, திரும்பு, பின்னே, திரும்பு. பச்சைப் பொட்டைத் தட்டினால் ஆமை நம்மைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நகர்ந்து ஒரு சதுரம் போடும். "முன்னே போகணும்டா" என்று அழித்துவிட்டு மறுபடி செய்யச் சொல்வேன். மறுபடியும் பின்னே. தரையில் அவளே ஆமையாக நின்றாலும் அதே கதை. சாக்பீஸ் கோட்டைப் பார்த்தபடி அடி அடியாகப் பின்வாங்குவாள். தோளைப் பிடித்து முன்னே தள்ளினால், "மிதிக்கும்" என்பாள். என்ன மிதிக்கும், யாரை மிதிக்கும் என்று கேட்டால் அதே வார்த்தைதான். ஆமை அவளை மிதித்துவிடும் என்று பயப்படுகிறாள் என நானே ஒரு விளக்கம் செய்துகொண்டேன். "ஆமை மிதிக்காது, அது நல்ல ஆமை" என்று சமாதானமும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பயம் எதுவும் இல்லை. எனக்காக வருத்தப்பட்ட மாதிரி இருந்தது. அதை அன்று நான் குறித்துக்கொள்ளவில்லை. நோட்டில் நான் எழுதியது: சம்பந்தமில்லாத பேச்சு.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. அதைப் பெரிய யோசனை என்று நினைத்து இரண்டு நாள் என்னை நானே மெச்சிக்கொண்டேன். முதலுதவிப் பெட்டியிலிருந்து வெள்ளை பிளாஸ்திரி எடுத்து, அவள் கீபோர்டில் பின்னே போகும் கட்டையை மூடி ஒட்டிவிட்டேன். அவள் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். நான் அவள் விரலைப் பிடித்து முன்னே கட்டையில் வைத்து அழுத்தினேன். ஆமை முன்னே போனது. அது போகும்போது அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். வாரக்கணக்கில் இப்படியே நடத்தினேன்.

மாதத்துக்கு ஒரு முறை தஞ்சாவூரில் இன்டர்நெட் சென்டருக்குப் போய் அமெரிக்காவுக்கு ரிப்போர்ட் அனுப்பவேண்டும். படிவம் கம்ப்யூட்டர் அனுப்பியவரே அனுப்பியது. முன், பின் வேறுபாடு தெரிகிறதா? ஆம், இல்லை. மூன்று மாதமும் அவள் பெயருக்கு நேராக "இல்லை" போட்டேன். சதுரம் வந்ததா என்று அந்தப் படிவத்தில் கேள்வியே இல்லை. கேட்டிருந்தால் முதல் வாரத்திலிருந்தே வந்தது என்று எழுதியிருப்பேனோ என்னவோ. எனக்கு வந்த பதிலில், "உங்கள் ரிப்போர்ட்டுகள் மிகவும் ப்ரொஃபஷனலாக இருக்கின்றன" என்று ஒரு வரி இருந்தது. அதை அச்செடுத்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா அதைத் தரகரிடம் காட்டினாள்.

அடுத்த கடிதத்தில் இன்னொரு வரி வந்தது. மூன்று கம்ப்யூட்டருக்கு ஆறு பேர்தான் சரி, கணக்காக ஒன்றுக்கு இரண்டு பேர். முன், பின் தெரியாதவரை மட்டும் நீக்கிவிடலாம். நான் போட்ட "இல்லை"யை வைத்துத்தான் முடிவு செய்திருந்தார். சிஸ்டர் கடிதத்தைப் படித்துவிட்டு, "என்ன பண்றது மிஸ், கொடுக்கிறவங்க சொல்றாங்க. அவளைக் காயிதக் கவர் ஒட்டுற பக்கம் விட்டுடுவோம்" என்றார். நான் தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுநாளும் அவள் எல்லாருக்கும் முன்னால் வந்தாள். ஆறு பேருடைய செருப்புகளையும் ஜோடி சேர்த்து அடுக்கினாள். தன்னுடையதைக் கழற்றி அவற்றின் பக்கத்தில் வைத்தாள். நான் கதவைச் சாத்தினேன். ஒரு வாரம் அப்படி வந்தாள். பிறகு பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை.

புரட்டாசி மாதம். அவள் வராத நாலாவது நாள் சிஸ்டர் என்னைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார். வீடு பூட்டியிருந்தது, நடவுக்குப் போயிருக்கிறார்கள் என்று எதிர்வீட்டில் கை காட்டினார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். இரண்டு இடத்தில் வழுக்கினேன். வயலில் பத்துப் பதினைந்து பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகமெல்லாம் என்னைப் பார்த்துத்தான் இருந்தது. ஆனாலும் நான் நெருங்க நெருங்க அவர்கள் விலகிக்கொண்டே போனார்கள். வரிசையின் ஓரத்தில் நம்முடைய பெண். கையில் ஒரு நாற்று முடி. இரண்டு நாற்றைப் பிரிப்பாள், ஊன்றுவாள், ஒரு அடி பின்வாங்குவாள். பாவாடையெல்லாம் சேறு. அளவு எடுத்த மாதிரி இடைவெளி.

வரப்பு சுற்றிக்கொண்டு போனது. குறுக்கே இறங்கினால் சீக்கிரம் போய்விடலாம் என்று ஒரு காலைத் தூக்கினேன்.

"எறங்காதீங்க டீச்சரம்மா" என்று அவள் அம்மா அங்கிருந்து சத்தம் போட்டாள். "நட்டத மிதிச்சிடப் போறீங்க."

தூக்கிய கால் அப்படியே நின்றது. அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "மிதிக்கும்" என்று சிரித்தாள்.

நான் தஞ்சாவூர்க்காரி. மூன்று வேளையும் அரிசிச் சோறு. தினமும் காலையும் மாலையும் ரயில் ஜன்னல் வழியாக இந்த வயல்களைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். பார்த்துக்கொண்டா போனேன், அமெரிக்கா போனவர்களை நினைத்துப் பொருமிக்கொண்டு போனேன். நடவு பின்பக்கமாகத்தான் நடக்கும், நட்டது கண்ணெதிரே இருக்கவேண்டும், கால் நடாத சேற்றில் இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியாது. முன்னே போனால் நட்டதை மிதித்துவிடும். அவள் எனக்கு அத்தனை மாதமும் காரணத்தோடு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அதற்குப் பிளாஸ்திரி ஒட்டினேன். வெட்கமாக இருந்தது. அந்த வரப்பிலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது, ஆனால் அதுவும் சேறு.

"கூலிக்கு இல்லீங்க, தனியா விட்டுட்டு வரமுடியல, அதான் பக்கத்துல நிக்கட்டும்னு" என்று அவள் அம்மா சுற்றி வந்து விளக்கம் சொன்னாள். "கவரு ஒட்டத்தான்னா வீட்டுலயே இருந்துட்டுப் போவுது. கம்ப்யூட்டர் இல்லன்னதும் ரெண்டு நாள் சோறு திங்கல." பிறகு வரிசையில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "எடுத்துட்டாங்கன்னு இவங்ககிட்ட நான் சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க."

யாருடைய நிலம் என்று பேச்சை மாற்றக் கேட்டேன். "எல்லாம் நம்ம அமெரிக்காக்காரர் வூட்டு நெலந்தான்" என்றாள்.

அன்றைக்கே தஞ்சாவூர் போய்க் கலிஃபோர்னியாவுக்கு நீளமாக எழுதினேன். தவறு என்னுடையது, அவளுக்கு முன்னும் தெரியும் பின்னும் தெரியும், உங்கள் வயலில் எப்படி நடுகிறார்களோ அப்படித்தான் செய்கிறாள், திரும்ப வகுப்பில் சேர்த்துக்கொள்ள அனுமதிக்கவேண்டும். பதில் வந்தது. சுவாரசியமான கருத்து, ஆனால் இந்தப் பாடத்திட்டத்தில் முன்னே என்றால் முன்னேதான், அடுத்த வருஷம் பரிசீலிக்கலாம். கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்: இன்னுமா கையால் நடுகிறார்கள்?

அந்தப் பெண்ணைக் கெஞ்சிக் கூத்தாடிப் பள்ளிக்கூடத்துக்கு வரவைத்தோம். கவர் ஒட்டினாள். வகுப்பு நேரத்தில் வந்து செருப்பு அடுக்கிவிட்டுப் போனாள். பொங்கலுக்கு அமெரிக்காக்காரர் நேரில் வருகிறார் என்று தெரிந்ததும் நான் ஒரு திட்டம் போட்டேன். அவர் முன்னால் அவளை உட்காரவைப்பேன். அவள் பின்பக்கமாகச் சதுரம் போடுவாள். "சார், உங்க வயல்ல நடவு எந்தப் பக்கமா நடக்கும்?" என்று கேட்பேன். அவருக்குத் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவேன். ரயிலில் இதை மனசுக்குள் எத்தனை தடவை பேசிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. நடுவில் எங்கே நிறுத்தவேண்டும் என்றுகூட முடிவுசெய்து வைத்திருந்தேன். அவள் கீபோர்டில் பிளாஸ்திரியைப் பிய்த்து, பசையைத் துடைத்து, புது அம்புக்குறி ஒட்டினேன்.

அவர் அரைக்கால் சட்டையும் தண்ணீர் பாட்டிலும் வீடியோ கேமராவுமாக வந்தார். பிறந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாதாம். வாசலில் அவர் கழற்றிய பெரிய ஷூ இரண்டையும் அந்தப் பெண் ஜோடி சேர்த்து வைத்தாள். ஆறு பேரும் ஆளுக்கொரு சதுரம் போட்டார்கள். அவர் கேமராவை ஆட்டி ஆட்டி எடுத்தார். முடிந்ததும், "சார், இன்னொருத்தி இருக்கா" என்று அவளைக் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்காரவைத்தேன். சிஸ்டர் என்னை முறைத்தார்.

அவள் திரையில் உள்ளங்கையை வைத்து எடுத்தாள். கட்டைகளைப் பார்த்தாள். பின்னே கட்டையில் பிளாஸ்திரி இல்லாததைப் பார்த்து, விரலால் அதை லேசாகத் தடவினாள். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்தேன், தைரியமாகச் செய் என்று. அவள் அதை எப்படிப் புரிந்துகொண்டாளோ, விரலை எடுத்து முன்னே கட்டையில் வைத்தாள். முன்னே, திரும்பு, முன்னே, திரும்பு, முன்னே, திரும்பு, முன்னே, திரும்பு. பச்சைப் பொட்டைத் தட்டினாள். ஆமை முன்னே போகத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வெரி குட்" என்றார் அவர். "முன்னேறிட்டாளே. பாத்தீங்களா மிஸ், ஒரு பிரேக் கொடுத்தது எவ்வளவு நல்லதாப் போச்சு. திங்கக்கிழமையிலேர்ந்து இவளையும் சேத்துக்குங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். கதவோரம் அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இனி நடவு வயலில் பொய் சொல்லவேண்டியதில்லை. என் நாக்கு நுனியில் அந்தப் பேச்சு முழுவதும் அப்படியே இருந்தது. வாயைத் திறந்தால் அவள் இடம் போய்விடும். சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தவள் போல அவள் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தாள். பிறகு என் புடவையைப் பிடித்து இழுத்து, தவறு செய்தவர்களின் குரலில் மெதுவாகச் சொன்னாள்.

"மிதிச்சிட்டேன் மிஸ்."

"என்ன சொல்றா?" என்று அவர் கேட்டார்.

"சந்தோஷமா இருக்குன்னு சொல்றா சார்" என்றேன்.

அதையே கேமராவைப் பார்த்து இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.